பழைய அம்பாசிடரில் தீராத மிஸ்ஸிங்: கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

வண்டி மிஸ் ஆகிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் இன்ஜின் இடையிடையே தடுமாறுகிறது என்று சொன்னதும் பானட்டைத் திறந்து, ஸ்குரூ டிரைவரோடு நேராக, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குப் போகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது, திருக ஒரு நட்டும் இருக்கிறது, திருகினால் சத்தமும் மாறுகிறது. அதனால் ஏதோ வேலை நடந்த மாதிரி ஒரு திருப்தி. இரண்டு நாளில் மிஸ்ஸிங் திரும்ப வந்துவிடும். இப்போது பழைய கோளாறோடு, கலைந்துபோன கார்புரேட்டர் செட்டிங்கும் சேர்ந்துகொள்ளும்.

இந்த வழிகாட்டி 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், எஸ்.யூ. கார்புரேட்டர், பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள அம்பாசிடருக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் என்பது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பகுதி; பாயிண்ட் என்பது அதற்குள் திறந்து மூடி மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை. சோலெக்ஸ் கார்புரேட்டர் மாற்றிப் போட்டிருந்தால் 9ஆம் பகுதி பொருந்தாது, மற்றதெல்லாம் பொருந்தும். பத்மினிக்கும் இதே வரிசைதான், அளவுகள் மட்டும் வேறு.

1. கையில் இருக்க வேண்டியவை

பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), கம்ப்ரெஷன் கேஜ், மல்டிமீட்டர், ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயர். கூடவே நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக், ஒரு கன்டென்சர் (பாயிண்ட் பொறி பறந்து கருகாமல் காப்பது), ஒரு ரோட்டார் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரம் தருவது). இந்த மூன்றும் புதிதாக இருக்க வேண்டியதில்லை, ஓடுகிற வண்டியிலிருந்து கழற்றியதாக இருந்தால் இன்னும் நல்லது. கடையிலிருந்து வந்த புது கன்டென்சர் முதல் நாளே செத்துப்போனதை ஒரு முறைக்கு மேல் பார்த்துவிட்டேன்.

எதையும் கழற்றுவதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளக் வயர் நான்கிலும் டேப் ஒட்டி 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். 1 என்பது ரேடியேட்டர் பக்கம்.

ஹேண்ட் பிரேக், நியூட்ரல், பக்கத்தில் தீயணைப்பான். ஃபேன் எந்த மறைப்பும் இல்லாமல் சுற்றும். தோளில் துண்டு போட்டுக்கொண்டு எட்டிப் பார்க்காதீர்கள்.

2. கருவியை எடுக்கும் முன் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஒரு நோட்டில் நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். குளிர்ந்த இன்ஜினிலா, சூடான பிறகா? ஐடிலிலா (மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது), அரை மிதியிலா, முழு மிதியிலா? சீரான இடைவெளியிலா, கண்டபடியா? கடைசியாக வண்டியில் எதை மாற்றினீர்கள்?

அப்புறம் ஐடிலில் விட்டுவிட்டு, சைலன்சர் வாயிலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். ஒரே தாளத்தில் 'புஸ், புஸ், புஸ்' என்று வந்து, நாலுக்கு ஒன்று மட்டும் விட்டுப்போனால் கோளாறு ஒரு சிலிண்டருக்குச் சொந்தமானது: பிளக், வயர், வால்வு. தாளமே இல்லாமல் எப்போதாவது ஒரு முறை விட்டால், நான்குக்கும் பொதுவான ஒன்றில் கோளாறு: பாயிண்ட், கன்டென்சர், காயில் (பொறிக்கான ஹை டென்ஷன் மின்சாரத்தை உண்டாக்குவது), ரோட்டார், பெட்ரோல் வரத்து. காகிதம் இடையிடையே உள்பக்கம் இழுக்கப்பட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக உட்காரவில்லையோ என்று சந்தேகப்படுங்கள்.

மிதியின் அளவும் நிறையச் சொல்லும். பெட்ரோல் போதாமல் வரும் மிஸ்ஸிங், சுமை ஏற ஏற மோசமாகும். ஏற்றத்தில் முழுசாக மிதித்தால் நன்றாகப் போகிறது, சமரோட்டில் அரை மிதியில் திக்குகிறது என்றால் அது பெட்ரோல் தட்டுப்பாடு இல்லை. இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் அலைந்த கதையை 6ஆம் பகுதியில் சொல்கிறேன்.

3. எந்த சிலிண்டர் என்று கண்டுபிடியுங்கள்

இன்ஜின் சூடான பிறகு, ஐடிலைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். இன்ஜினை நிறுத்தி, முதல் சிலிண்டரின் வயரைக் கழற்றி, கையிலிருக்கும் உபரி பிளக்கில் மாட்டி, அந்த பிளக்கின் உலோக உடல் இன்ஜினில் படும்படி கம்பியால் கட்டுங்கள். பெட்ரோல் கசிவு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஸ்டார்ட் செய்து கேளுங்கள். சத்தம் முன்பை விட அதிகமாகத் தடுமாறினால் அந்த சிலிண்டர் இதுவரை வேலை செய்திருக்கிறது. சத்தத்தில் மாற்றமே இல்லை என்றால் செத்த சிலிண்டர் அதுதான். நான்குக்கும் இப்படியே செய்யுங்கள்.

ஓடுகிற இன்ஜினில் வயரைப் பிடுங்கிப் பார்ப்பது சீக்கிரம் முடியும், ஆனால் வேண்டாம். ஷாக் அடிப்பது ஒரு பக்கம். போக வழியில்லாத ஹை டென்ஷன் மின்சாரம் ரோட்டாரையோ மூடியையோ துளைத்துக்கொண்டு போகும். கண்டுபிடிக்கப் போன இடத்தில் புதுக் கோளாறை உண்டாக்கியிருப்பீர்கள்.

ஒவ்வொரு சோதனையும் அரை நிமிடத்துக்குள் முடியட்டும். எரியாத பெட்ரோல் சைலன்சரில் சேர்ந்தால் வெடிக்கும்.

செத்தவை இரண்டு, அதுவும் அடுத்தடுத்து என்றால் இந்த இன்ஜினின் அமைப்பை நினைவில் கொள்ளுங்கள். ஹெட்டில், அதாவது வால்வுகள் உள்ள மேல் பகுதியில், பெட்ரோல் கலவை உள்ளே வரும் இன்டேக் வழி இரண்டுதான். 1க்கும் 2க்கும் ஒன்று, 3க்கும் 4க்கும் ஒன்று. அந்த ஜோடிகள் சேர்ந்து தடுமாறினால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2ம் 3ம் சேர்ந்து செத்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

சமீபத்தில் யாராவது வயரைக் கழற்றி மாட்டியிருந்தால் சிலிண்டர்கள் எரியும் வரிசையான ஃபயரிங் ஆர்டரைச் சரிபாருங்கள்: 1-3-4-2. ரோட்டார் மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றும். கடிகாரச் சுற்றில் மாட்டிவிட்டு, நாள் முழுக்கக் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

4. பிளக்

நான்கையும் கழற்றி, வந்த வரிசையிலேயே வையுங்கள். ஈரமாகப் பெட்ரோல் வாசனை அடித்தால் அங்கே தீப்பொறி வரவில்லை. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். எண்ணெய்ப் பசை என்றால் ரிங் அல்லது வால்வு கைடு. வெள்ளை வெளேரென்று கொப்புளம் போட்டிருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது டைமிங் (பொறி விழும் நேரம்) முன்னால் இருக்கிறது.

இடைவெளி 0.025 அங்குலம், அதாவது 0.64 மி.மீ. செத்த சிலிண்டரின் பிளக்கை நல்ல சிலிண்டருக்கு மாற்றி ஓட்டுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் பிளக்தான். அங்கேயே நின்றால் பிளக் மேல் பழி போடாதீர்கள். பிளக் வயரையும் இதே மாதிரி மாற்றிப் பார்க்கலாம், ஆனால் பிளக்கோடு சேர்த்து ஒரே நேரத்தில் அல்ல. இரண்டையும் ஒன்றாக மாற்றிச் சரியானால் எது குற்றவாளி என்று தெரியாது.

5. கம்ப்ரெஷனும் டாப்பெட்டும்

பொறியைத் தேடுவதற்கு முன் இது ஏன்? வால்வு ஒழுகுகிற சிலிண்டரை எந்தப் பாயிண்டும் எந்தக் கார்புரேட்டரும் சரிசெய்ய முடியாது. அரை மணி நேர வேலை, பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

முதலில் டாப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி. சூடான இன்ஜினில் 0.015 அங்குலம், 0.38 மி.மீ. எந்த வால்வு முழுசாக அமுங்கியிருக்கிறதோ அதன் எண்ணை 9இலிருந்து கழியுங்கள், வரும் எண்ணை செட் செய்யுங்கள். 1 அமுங்கியிருந்தால் 8, 3 அமுங்கியிருந்தால் 6. டாப்பெட் இறுக்கமாக இருந்தால் சத்தமே வராது, அதனால் 'டாப்பெட் நல்லாத்தான் இருக்கு' என்று விட்டுவிடுவார்கள். வால்வு முழுசாக மூடாமல் மெல்ல மெல்லக் கருகுவது அப்போதுதான். சத்தம் போடுகிற டாப்பெட்டை விட, போடாத டாப்பெட்டுக்குத்தான் பயப்பட வேண்டும்.

அப்புறம் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தம். நான்கு பிளக்கும் வெளியே, காயிலுக்கு வரும் வயரைக் கழற்றி டேப் சுற்றி ஓரமாக, ஆக்சிலேட்டர் முழுசாக மிதித்தபடி. மிதிக்காமல் பார்த்தால் காற்று உள்ளே வராது, நான்குமே குறைவாகக் காட்டி உங்களை ரீபோருக்கு (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் வேலைக்கு) அனுப்பிவிடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்டார்ட்டரால் ஒரே எண்ணிக்கையில், ஐந்தாறு சுற்று.

எண்ணை விட வித்தியாசம் முக்கியம். ஒன்று மட்டும் மற்றவற்றை விட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கெட். அப்படி என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு ஹெட்டைக் கழற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

6. டிஸ்ட்ரிபியூட்டர்

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

பாயிண்ட் முகம் மேடும் பள்ளமுமாக இருந்தால் மாற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓட்டுவது வீடு வந்து சேர மட்டும். இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், 0.35 முதல் 0.40 மி.மீ.; கேமின் உச்சியில் பாயிண்ட் முழுசாகத் திறந்திருக்கும்போது பாருங்கள். ஃபீலர் கேஜில் எண்ணெய் தடவித்தான் வைத்திருப்போம், அது பாயிண்டில் ஒட்டிக்கொள்ளும். 'புதுப் பாயிண்ட் போட்ட பிறகுதான் சார் மோசமாச்சு' என்று வருபவர்களில் பலருக்கு இதுதான் காரணம். பெட்ரோலில் நனைத்த கெட்டி அட்டையைப் பாயிண்டுக்கு நடுவே விட்டு இழுத்துவிடுங்கள்.

பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னால் போகும். எனவே முதலில் இடைவெளி, பிறகு டைமிங். மாற்றிச் செய்தால் இரண்டு முறை செய்வீர்கள்.

ரோட்டார் இருக்கும் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. அதற்கு மேல் பாயிண்டை எவ்வளவு நுணுக்கமாக வைத்தாலும் ஓடும்போது அது தன் இஷ்டத்துக்கு மாறும்.

ரோட்டாரின் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மூடியைக் கழற்றி, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் இக்னிஷனைப் போடுங்கள். காயிலின் நடு வயரை ரப்பர் பிடி பிளேயரால் பிடித்து, ரோட்டாரின் பித்தளைத் தகட்டுக்கு மேல் 3 மி.மீ. உயரத்தில் வைத்துக்கொண்டு, பாயிண்டை நல்ல இன்சுலேஷன் உள்ள டிரைவரால் சட்டென்று திறந்து மூடுங்கள். பொறி விடாமல் ரோட்டாரில் பாய்ந்தால், அது ரோட்டாருக்குள் புகுந்து தண்டு வழியாக பாடிக்குப் போகிறது. அந்த ரோட்டார் குப்பைக்கு.

மூடியையும் வயர்களையும் இருட்டில் பாருங்கள். இரவில் இன்ஜினை ஓடவிட்டு, செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரில் மெல்லிசாகத் தண்ணீர் தெளித்தால், ஒழுகும் இடத்தில் நீலமாக மின்னும். மூடிக்கு உள்ளே நடுவில் ஒரு கரித்துண்டு ஸ்பிரிங்கோடு இருக்கும். அது உடைந்தோ உள்ளே சிக்கியோ இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பாருங்கள்.

கன்டென்சருக்குச் சோதனை வேண்டாம், மாற்றிப் பாருங்கள். பாயிண்டில் நீலமாகப் பொறி பறந்து கருகுவது அதன் அடையாளம். காயிலை மட்டும் சூட்டில்தான் சோதிக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓம்ஸ் காட்டிவிட்டு, சூடானதும் கைவிடும் ரகம் நிறைய. மிஸ்ஸிங் தொடங்கியதும் வண்டியை ஓரம் கட்டி, நல்ல காயிலுக்கு வயரை மாற்றி ஓட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

இனி என் கதை. எங்கள் பெரியப்பாவின் வண்டி வத்தலகுண்டு வரை சமரோட்டில் திக்கித் திக்கி வந்தது. கொடைக்கானல் ஏற்றத்தில் எதுவுமே நடக்காதது போல ஏறியது. 'மலைக்காத்து இதுக்குப் பிடிச்சிருக்குடா' என்றார் பெரியப்பா. அதற்கு முன்பே மூன்று இடத்தில் காட்டி, இரண்டு முறை கார்புரேட்டர் ஓவர்ஹால் ஆகியிருந்தது.

காரணம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன வயர். வெளியிலிருந்து பாயிண்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் வயர் அது. மேலே உறை முழுசாக இருந்தது, உள்ளே செம்பு இழைகள் அறுந்து ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை இன்ஜினின் உறிஞ்சலால் திருப்பி, டைமிங்கை முன்னால் தள்ளுவது வேக்கம் அட்வான்ஸ். ஐடிலில் அது வேலை செய்யாது, தட்டு அசையாது, இழைகள் தொட்டுக்கொண்டிருக்கும். அரை மிதியில் வேக்கம் தட்டைத் திருப்பும், வயர் இழுபடும், தொடர்பு விட்டுவிட்டு வரும். ஏற்றத்தில் முழுசாக மிதித்தால் வேக்கம் குறைந்து தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். மலைக்காற்றின் ரகசியம் அவ்வளவுதான்.

சோதிப்பது எளிது. வேக்கம் அட்வான்ஸின் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி, அந்த வாயை அடைத்துவிட்டு இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். ஒரு சுத்தமான டியூபைக் குழாயில் மாட்டி வாயால் உறிஞ்சுங்கள். உறிஞ்சும்போது மட்டும் மிஸ் ஆனால் கண்டுபிடித்துவிட்டீர்கள். பிறகு இன்ஜினை நிறுத்தி, மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, தட்டைக் கையால் திருப்பியபடி இரண்டு இடம் பாருங்கள்: வெளி முனையிலிருந்து பாயிண்ட் வரை, தட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடல் வரை. இரண்டாவதற்கும் தனியாக ஒரு எர்த் வயர் உண்டு, அதுவும் இதே மாதிரி அறும். வீட்டு வயரிங் கம்பியை வைத்துக் கட்டாதீர்கள். அது விறைப்பாக இருந்து தட்டை அசைய விடாது. சீக்கிரம் அறுந்தும் போகும். நிறைய மெல்லிய இழைகள் உள்ள மிருதுவான வயர்தான் வேண்டும்.

7. காற்று ஒழுகல்

கார்புரேட்டர் அடி கேஸ்கெட், மேனிஃபோல்டு கேஸ்கெட், வேக்கம் குழாய், பிரேக் பூஸ்டர் இருந்தால் அதன் ஹோஸ், த்ராட்டில் தண்டின் இரு முனை. ஐடிலில் ஓடவிட்டு, சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சத்தம் மாறினால் அங்கே இழுக்கிறது.

கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. இந்த இன்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்றாக. கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேல் அதை அடிப்பது புத்திசாலித்தனம் இல்லை.

ஐடிலில் மோசமாக இருந்து, வேகம் எடுத்ததும் மறைந்துவிடும் மிஸ்ஸிங்குக்கு இந்தப் பகுதியில்தான் பதில் கிடைக்கும்.

8. பெட்ரோல் வரத்து

முதலில் டேங்க் மூடி. இருபது நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு திக்கினால், மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். சரியானால் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. செலவே இல்லாத சோதனை.

அடுத்து, இன்ஜின் ஆறிய பிறகு காயில் வயரைக் கழற்றி, கார்புரேட்டருக்கு வரும் குழாயை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றி, பம்ப் தள்ளுவதைப் பிடியுங்கள். சீராக, காற்றுக்குமிழி இல்லாமல் வர வேண்டும். பாட்டிலைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாகத் திரவம் பிரிந்து நின்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் இது சகஜம். கறுப்புத் துகள் மிதந்தால் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே கரைகிறது. எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள், இல்லையென்றால் எத்தனை முறை கழுவினாலும், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைத்துத் திறக்கும் ஃப்ளோட் நீடிலில் அது வந்து உட்காரும்.

9. இப்போது கார்புரேட்டர்

மேலே உள்ள எல்லாம் சரியாக இருந்தால் மட்டும். பொறி பலவீனமாக இருக்கும்போது பெட்ரோல்-காற்றுக் கலவையை செட் செய்தால், அந்தப் பலவீனத்துக்குத்தான் செட் செய்கிறீர்கள்.

கார்புரேட்டரின் மேல்மூடியைத் திறந்து எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மிதித்ததும் ஒரு திக்கல் வரும், அதை மிஸ்ஸிங் என்று நினைத்து மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. மெல்லிய இன்ஜின் ஆயில் போதும்.

கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் முழுசாக உயர்த்தி விடுங்கள். 'டக்' என்று தெளிவாக விழ வேண்டும். இழுத்துக்கொண்டு இறங்கினால் அழுக்கு, அல்லது ஜெட் (பெட்ரோல் வரும் துளை) நடுவில் இல்லை. சுத்தம் செய்யும்போது பிஸ்டனையோ சேம்பரையோ தேய்க்காதீர்கள், துணியில் பெட்ரோல் நனைத்துத் துடைத்தால் போதும்.

சூடான இன்ஜினில் ஐடிலில், பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் தூக்குங்கள். வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே சரிந்தால் குறைவு. கொஞ்சம் ஏறிப் பழையபடி வந்தால் சரி. ஜெட் நட்டை ஒரு முறைக்கு ஒரு பட்டை (நட்டின் ஆறு முகங்களில் ஒன்று) மட்டும் திருப்புங்கள், மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். எத்தனை பட்டை, எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுதுங்கள். பலன் இல்லையென்றால் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

10. இதற்கும் அடங்காவிட்டால்

கம்ப்ரெஷன் நன்றாக இருக்கிறது, பொறி நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஒரே சிலிண்டர் சோம்பலாக இருக்கிறது என்றால் கேம் ஷாஃப்ட்டைச் சந்தேகப்படுங்கள். அதில் வால்வைத் திறக்கும் மேடுகளான லோப்களில் ஒன்று மட்டும் தேய்ந்தால் வால்வு முழுசாகத் திறக்காது. மூடுவது சரியாக இருப்பதால் கம்ப்ரெஷன் கேஜில் பெரும்பாலும் மாட்டாது. ராக்கர் மூடியைக் கழற்றி, பிளக்கையும் எடுத்துவிட்டு, இன்ஜினைக் கையால் சுற்றியபடி ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இறங்குகிறது என்று டயல் கேஜாலோ வெர்னியராலோ அளந்து எழுதுங்கள். எட்டு எண்களில் ஒன்று மட்டும் தனியாகக் குறைந்தால் கேம் ஷாஃப்ட்டை மாற்ற வேண்டும். மாற்றும்போது லோபில் உரசி ஓடும் எட்டு டாப்பெட் வாளியையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய வாளி புது லோபை மறுபடி தின்றுவிடும்.